பைட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

குடிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம்தான் உண்டு: நேற்று உப்பு கூடிப்போனதை இன்றைக்கு வந்து சொல்ல அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. மற்றபடி, எண்ணெய்ச் சட்டி முன்னால் நாள் முழுக்க நின்ற எவருக்கும் நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. கணுக்கால் வீங்கும், கண் எரியும், வீட்டுக்குப் போனால் ஒரு பிளேன்டீ போடக்கூட அடுப்புப் பக்கம் போக மனம் வராது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

நான் சமைத்தது தெரணியகலைக்குப் போகிற ரோட்டில், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த கள்ளுத் தவறணையில். 1997 முதல் 2004 வரை ஏழு வருஷம். பின்னாலிருந்த மலையில் கித்துள் மரங்கள். கள்ளை அங்கேயே இறக்கி, பின்கொட்டகையில் பீப்பாயில் புளிக்கவிட்டு, முன்பக்கம் விற்பார்கள். கூடவே சாப்பாடும் உண்டு. கள்ளோடு கொறிக்கிற சாப்பாட்டுக்கு எங்கள் பக்கம் பைட் என்று பேர். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும், பொரித்த நெத்தலி, கடலை, காரமாகப் பிரட்டிய பன்றி டெவில், இவ்வளவுதான் என் கைவரிசை. என் பேர் பரமேஸ்வரி. அந்த ரோட்டில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் நான் பைட் அக்கா.

இந்த வேலைக்கு ஏன் போனேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சேகர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நன்றாகக் குடிப்பார். ஒரு நாள் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு கிளாஸ் உள்ளே போனாலும் ஆள் தப்பாது என்றார். அன்றோடு அவர் விட்டுவிட்டார். ஆனால் முழு நாள் மரம் வெட்ட உடம்பில் தெம்பில்லை, அரை நாள் வேலைதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. சுற்றுவட்டாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, அவரைக் கொல்லப் பார்த்த அதே கள்ளு விற்கிற இடத்தில் அடுப்படி வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

சுவரில் ஓர் ஓட்டை

முதல் நாள் முதலாளி கதிரேசன் என்னை உள்ளே விடவில்லை. பஜாரில் இரண்டு கடை வைத்திருந்த மனுஷன். வெள்ளை வேட்டி, வாயில் எந்நேரமும் வெற்றிலை. தவறணைக்குள் பெண்கள் வேலை செய்யக் கூடாது, அது சட்டம் என்றார். அப்படியென்றால் ஏன் வரச் சொன்னீங்க என்று கேட்டேன். இரண்டு மைல் மலை இறங்கி வந்த கால்வலி எனக்கு.

அவர் என்னைக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தனி வாசலோடு ஓர் அடுப்படி. ஒரு பக்கம் தட்டி மறைப்பு, அதற்கு அப்பால் கள்ளுப் பீப்பாய்கள். மறுபக்கம் தவறணைச் சுவர். சுவரில் இடுப்பு உயரத்தில், ஒரு தட்டு நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை, அதற்கு ஒரு பலகைக் கதவு. அதைத்தான் பைட் ஜன்னல் என்பார்கள். குடிக்கிறவர்கள் அதில் கையை நீட்டிக் கேட்பார்கள், நான் தட்டை வைப்பேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவர்களுக்குத் தெரியாது. இது சட்டத்துக்குச் சரிவருமா என்று நான் கேட்டதற்கு முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக விளக்கினார்.

"நீ இருக்கிறது ஹோட்டல்ல. கள்ளு இருக்கிறது தவறணையில. நடுவுல இருக்கிறது ஓட்டை. ஓட்டைக்கு எவனும் லைசன்ஸ் கேக்க மாட்டான்."

ஒரு சுண்டுவிரல்

முகமே பார்க்காமல் ஒரு வருஷம் சோறு போட்டுப் பாருங்கள், கையை வைத்தே ஆளைப் படித்துவிடுவீர்கள். லொறி டிரைவருக்கு வலது கை மட்டும் வெயில் பட்டுக் கறுத்திருக்கும். மரக்காலைக்காரர் நகத்துக்குள் மரத்தூள். தட்டை வாங்கும்போதே நடுங்குகிற கை காலையில் முதல் ஆளாக வந்த கை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தோறும் ஒரு கை வரும். சுத்தமான கை, வெட்டிய நகம், வளைந்த சுண்டுவிரல். பேசவே பேசாது. மரவள்ளிக்கிழங்கைச் சுட்டிக்காட்டும், வாங்கிக்கொண்டு போய்விடும். "காரம் கூடவா, குறைவா?" என்று நான் கேட்டால் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டும், கொஞ்சமாம். மரியாதைப்பட்ட கை என்று நானும் ஒரு துண்டு கூடவே வைப்பேன்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியர் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பேனாவைப் பிடித்த கையில் அதே சுண்டுவிரல். நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவரோ தலையைத் தூக்காமல், "தாயின் தொழில்?" என்றார். "ஹோட்டல்ல சமையலுங்க" என்றேன். குரலைக் கேட்டதும் பேனா நின்றது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தோம். பிறகு அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தோட்டத் தொழிலாளின்னே போட்டுக்குவோம்மா. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எதிர்ப்பக்கம் நிற்கிற மனுஷன்

தவறணைக்கு நேர் எதிரே பஸ் ஹோல்ட். வேலை முடிகிற நேரத்துக்கு என் வீட்டுக்காரர் அங்கே வந்து நிற்பார். மேட்டு ரோட்டில் குடிகாரர்கள் நடமாட்டம் அதிகம், நான் தனியாக ஏறி வரக்கூடாது என்பது அவர் கட்டளை. மழையென்றால் குடை, வெயிலென்றாலும் குடை. ஹோல்ட்டில் இருந்து இந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். நான்தான் ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும்.

அந்த அரை மணி நேரம்தான் எனக்கு நாளிலேயே பெரிய பாடு. தட்டி மறைப்பில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்தால் கட்டடத்தின் ஓரத்தால் பஸ் ஹோல்ட்டின் ஒரு மூலை தெரியும். சட்டியில் நெத்தலியைப் போடுவேன், ஓடிப்போய்ப் பார்ப்பேன், திரும்பி வருவேன். குடை தெரிந்தால் மூச்சு வரும். டாக்டர் சொன்ன ஒரு கிளாஸ் எனக்கு எப்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் நெத்தலி கருகியது என்பதைக் கேட்காதீர்கள்.

அவரோடு பழைய காலத்தில் குடித்த கூட்டாளிகளுக்கு இது ஒரு வேடிக்கை. உள்ளேயிருந்து, "சேகர் அண்ணே, மழையில நனையாதீங்க, வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவர் பதில் சொல்லாமல் பஸ் வருகிற திசையைப் பார்ப்பார், ஏதோ கொழும்புக்குப் போகிறவர் மாதிரி. ஒருநாள் ஒருத்தன் கிளாஸோடு ரோட்டைத் தாண்டி அவர் பக்கத்திலேயே போய் நின்றான். நான் கரண்டியோடு பின்வாசலால் ஓடினேன். நான் கட்டடத்தைச் சுற்றி வருவதற்குள் அவர் குடையை விரித்து அவனுக்கும் தனக்கும் நடுவே திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவன் குடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் களைத்துப்போய்த் தன் கள்ளைத் தானே குடித்தான். போகிற போக்கில் என்னிடம் ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போனான்.

"ஊருல நாட்டுல புருஷன் உள்ள குடிப்பான், பொஞ்சாதி வெளிய காவல் நிப்பா. ஒங்க குடும்பத்துல எல்லாமே தலைகீழா இருக்குக்கா."

ரப்பர் காட்டில் ஒரு வாளி

கள்ளுக்கடைகளைச் சோதிக்க வருகிற எக்சைஸ் ஜீப் பாலத்தில் திரும்பினால் சுனில் சுவரை மூன்று தரம் தட்டுவான். சுனில் தவறணையில் கள்ளு ஊற்றுகிறவன், பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன், தமிழ் நன்றாகவே பேசுவான். மூன்று தட்டு விழுந்தால் நான் பின்வாசலால் இறங்கி, கையில் ஒரு வாளியோடு ரப்பர் காட்டுக்குள் போய் நிற்கவேண்டும். யாராவது பார்த்தால் தண்ணீருக்கு வந்தவள். ஓட்டைக்கு லைசன்ஸ் வேண்டாம் என்று சொன்ன முதலாளிதான் இந்த வாளியையும் வாங்கிக் கொடுத்தவர்.

காட்டில் நிற்பது என்றால் ஏதோ ஓய்வு என்று நினைக்காதீர்கள். மழை ஓய்ந்த நேரத்தில் ரப்பர் காட்டுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், அட்டை காலில் இருந்து ஏறாது, எங்கிருந்தோ கழுத்தில் இருந்துதான் தொடங்கும். ஒருநாள் அரை மணிக்கு மேல் நின்றேன். உள்ளே அதிகாரி பீப்பாய்களைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பசிக்கிறது, பைட் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். சுனில் அடுப்படிக்கு வந்து தானே முட்டையைப் பொரித்துக் கொடுத்திருக்கிறான். பாதி ஓட்டோடு. அதிகாரி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, சுனிலிடம் சிங்களத்தில் சொன்னதை அவன் அப்படியே வந்து தமிழில் சொன்னான்.

"வாளியோட காட்டுல நிக்கிற அந்த அக்காவக் கூப்பிடு, பாவம், அட்டை கடிக்குது. எனக்கும் பசிக்குது."

போயா நாள்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா. நாட்டில் எங்கேயும் ஒரு சொட்டு விற்கக் கூடாது. தவறணைக் கதவுக்குப் பூட்டு. ஆனால் முதலாளிக்கு அடுப்பு அணைந்து கிடப்பது பிடிக்காது, சாப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வைப்பார். போக்கிடம் இல்லாத எங்கள் வாடிக்கைக்காரர்கள் அன்றைக்கும் வருவார்கள். கிளாஸில் பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு, பழைய இடத்தில் பழைய ஆட்களோடு உட்காருவார்கள். பேச்சு வராது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கும் ஒரு மாதத்தில் வருகிற ஒரே அமைதியான நாள் அதுதான். அன்று என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிற நேரத்தில் நான் தட்டிக்கு ஓடவேண்டியதில்லை. அதனால் ஒருமுறை மனம் வைத்துச் சமைத்தேன். வெங்காயம் பொன்னிறமாக வரும் வரை நின்றேன், பன்றி இறைச்சியை இரண்டு தரம் கழுவினேன், கறிவேப்பிலைகூடப் புதிதாகப் பறித்துப் போட்டேன். நாலு வருஷமாக என் கையால் தின்ற ஒரு லொறி டிரைவர் ஜன்னலுக்கு வந்து காலித் தட்டை நீட்டிக் கேட்டார்.

"போயாவுக்கு மட்டும் வேற ஆளு வந்து சமைக்குதாக்கா? ஒங்க சமையல்தான் எங்க வாய்க்குப் பழகிப்போச்சு."

மெக்சிகோவில் இருந்து வந்தவர்கள்

கிதுல்கலைப் பக்கம் ஆற்றைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களில் சிலர் வழி தப்பி எங்கள் ரோட்டுக்கும் வருவார்கள். ஒருநாள் ஒரு வேனில் ஒரு புருஷன் பொஞ்சாதி வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரர் என்று சொல்ல முடியாது, கோதுமை நிறம். மெக்சிகோவாம். கள்ளு எப்படிச் செய்கிறீர்கள், பார்க்கவேண்டும் என்று அந்த நோனா கேட்டாளாம். முதலாளி அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பார்க்க என்ன இருக்கிறது? மரத்தில் பியதாச இருந்தார், அறுபது வயதுக் கள்ளிறக்கி, இடுப்பில் கத்தி. கீழே பீப்பாய். என்ன போடுகிறீர்கள் என்று நோனா கேட்டாள். ஒன்றும் போடுவதில்லை. எத்தனை நாள் வைப்பீர்கள்? காலையில் இறக்கினால் பின்னேரம் குடிக்கலாம். அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாளிக்கு அவமானமாகப் போய்விட்டது. பரம்பரை ரகசியம், சொல்வதற்கில்லை என்று, மொழிபெயர்த்த வேன் டிரைவரை அவளிடம் சொல்லச் சொன்னார். அதை மட்டும் அவள் எழுதிக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது, வெளிநாட்டுக்காரங்க, காரத்தைக் குறைங்க என்று சுனில் ஜன்னலில் வந்து சொன்னான். குறைத்துக் கொடுத்தேன். தட்டு திரும்பி வந்தது. காரம் போதாதாம். வழக்கமான சம்பலைக் கொடுத்தேன். அதுவும் போதாதாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பச்சைக் கொச்சிக்காயாகப் பொறுக்கி இடித்து, எங்கள் தோட்டத்து ஆட்களே கண்ணீர் விடுகிற மாதிரி ஒன்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குள் ஒரு தலை வந்தது. ஏழு வருஷத்தில் அந்த ஓட்டை வழியாக நான் பார்த்த ஒரே முகம். வாயெல்லாம் சிவந்து, சந்தோஷமாகச் சிரித்தாள். அவள் சொன்னதை டிரைவர் பின்னால் நின்று சொன்னார்: அவர்கள் ஊரிலும் இதே மாதிரி ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம், சின்னதாகப் பியர் காய்ச்சுகிற இடமும் சாப்பாட்டுக் கடையும் ஒன்றாக. பியர் காய்ச்சுவது இவளாம். புருஷன் சமைத்துத் தட்டுக் கழுவுவாராம். நானும்தான் இங்கே கள்ளு செய்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்க்க வந்தாளாம். நான் ஒரு சொட்டுக் கள்ளுகூட வாயில் வைத்ததில்லை, என் புருஷனுக்கு அது விஷம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சும்மா சிரித்தேன். வேன் போன பிறகு சுனில் ஜன்னலுக்கு வந்து கேட்டான்.

"அக்கே, பொம்பளை பியர் காய்ச்சுறதுன்னா, அந்த நாட்டுல எக்சைஸ் ஜீப் இல்லையா?"

தீபாவளிச் சட்டை

இதை இத்தனை நேரம் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இது என் தலைக்கனம் இறங்கிய கதை. மெக்சிகோக்காரி வருவதற்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரம். விடியற்காலையில் இருந்தே அடைமழை. மழையென்றால் மரம் வெட்ட முடியாது, பாலைக் கழுவிக்கொண்டு போய்விடும். மரம் வெட்ட முடியாவிட்டால் வெட்டுகிற கை அத்தனையும் தவறணைக்குத்தான் வரும். காலையில் இருந்து நான் முதுகு நிமிரவில்லை.

பின்னேரம் தட்டிக் கிழிசலில் போய்ப் பார்த்தேன். ஹோல்ட்டில் குடை இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன், இல்லை. கால் மணி நேரம் கழித்தும் இல்லை. திரும்பி வந்தால் ஜன்னலில் ஒரு கை நீண்டிருக்கிறது. ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல்கள். இடது பெருவிரலில் கத்தி பட்ட பழைய தழும்பு. எல்லாவற்றுக்கும் மேலே, நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட புதுச் சட்டைக் கை. அந்தச் சட்டையை நான்தான் அன்று காலையில் மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டரின் முகம் வந்தது, மகளின் முகம் வந்தது. கையில் இருந்தது எண்ணெய்க் கரண்டி. அதன் பின்பக்கத்தால் அந்த மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தேன். "சாகத்தான் வந்தீங்களா?" என்று கத்தியும் விட்டேன். அந்தப் பக்கம் ஓர் அலறல் கேட்டது, தட்டு உருண்டது. அலறல் என் வீட்டுக்காரர் குரலில் இல்லை.

எங்கள் தோட்டத்து டிவிஷன் முழுக்கத் தீபாவளிக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரே கட்டுத் துணிதான் வரும். ஆம்பிளைகளுக்குச் சட்டை, பிள்ளைகளுக்குச் சட்டை, மிச்சம் இருந்தால் தலையணை உறை, எல்லாம் அதிலேயே. அந்த வருஷம் நீலத்தில் மஞ்சள் கோடு. தைக்கிறவரும் ஒருத்தர்தான். பால் வெட்டுகிற எவனுடைய பெருவிரலிலும் தழும்பு இல்லாமல் இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் கையாலேயே போய் வரிசையில் நின்று வாங்கிய துணி. ஆனாலும் அந்த நேரத்தில் உலகத்தில் அந்தச் சட்டை ஒன்றுதான் இருந்தது, அதை என் புருஷன்தான் போட்டிருந்தார்.

பின்வாசலைச் சுற்றி ஓடினேன். மாரிமுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் லயத்துக்கு அடுத்த லயம், என் வீட்டுக்காரரோடு ஒரே கங்காணிக்குக் கீழே மரம் வெட்டுகிறவன். கை சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரை ஊற்றி, தேங்காய் எண்ணெயைப் பூசி, முந்தானையைக் கிழித்துச் சுற்றினேன். ஏன் அடித்தேன் என்பதை அழுதுகொண்டே சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். கோபம்கூடப் படவில்லை, நியாயத்தைத்தான் கேட்டான்.

"நான் குடிச்சதுக்கு எங்க வீட்டுல அடிச்சா வாங்கிக்குவேங்க்கா. ஒங்க வீட்டுக்காரர் குடிக்காததுக்கும் நான்தான் அடி வாங்கணுமா?"

மேட்டு ரோடு

வெளியே வந்தபோது ஹோல்ட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பழைய சட்டை, கையில் குடை. வழியில் நாங்கள் குளிக்கிற பீலிக்குப் பக்கத்தில் மண் சரிந்திருந்ததால் சுற்றிக்கொண்டு வர நேரமாகிவிட்டது என்றார். மாரிமுத்து எனக்கு முன்னாலேயே ரோட்டைத் தாண்டிப் போய்க் கட்டுப் போட்ட கையை அவரிடம் காட்டினான், நடந்ததை நடந்தபடி சொன்னான். அவர் சிரித்தார். மாரிமுத்துவும் சிரித்தான்.

ஏற்றத்தில் நானும் அவரும் மட்டும்தான். அவர் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நான்தான் தொடங்கினேன். "ஒங்கள நம்பாமப் போனது தப்புத்தாங்க" என்றேன். அவர், "இதுல என்ன புள்ள தப்பு, நானே என்னைய நம்புறதில்ல" என்றார். அந்தப் பதிலில் கோபம் இல்லை என்பது தெரிந்ததும், ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்த வேறொன்று வாய்க்கு வந்துவிட்டது. நான் இந்த வேலைக்குப் போன மாதத்தில் இருந்தே அவர் படுக்கையை வெளித் திண்ணையான இஸ்தோப்புக்கு மாற்றிவிட்டார். உள்ளே நானும் மகளும், வெளியே குளிரில் அவர். உள்ளே புழுக்கம் என்று காரணம் சொன்னார். எங்கள் மலையில் என்ன புழுக்கம்? கள்ளுக்கடைக்காரி பக்கத்தில் படுக்க அவருக்குக் கூச்சம் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்காகத்தான் அந்த அடுப்பில் வேகிறேன், அவருக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று பல நாள் சத்தமில்லாமல் அழுதிருக்கிறேன். அன்றைக்கு அதை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். "என்னையப் பார்த்தா அருவருப்பா இருக்குதா, அதான் வெளிய படுக்கிறீங்களா?" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். மழை விட்டிருந்தது, குடையை மடக்கினார். என்னைப் பார்க்காமல் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னார்.

"ரோட்டத் தாண்டாம நிக்கிறது பெரிய காரியமில்ல புள்ள, அரை மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டாப் போதும். நீ பக்கத்துல படுத்தா ஒன் சேலையில, தலைமுடியில எல்லாம் அந்தக் கள்ளு வாசம். விடிய விடியத் தவறணைக்குள்ளயே படுத்திருக்கிற மாதிரி இருக்கு. சொன்னா நீ வேலைய விட்டுருவ, அப்புறம் புள்ளைக்கு என்ன செய்யறது? அதான் வெளிய படுக்கிறேன்."

அடுத்த நாளில் இருந்து வேலையை விடுகிற வரைக்கும் மழையோ பனியோ பீலியில் தலை முழுகி மாற்றுச் சேலை கட்டாமல் நான் லயத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை, அவர் பாயும் உள்ளே வந்துவிட்டது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரிகள் மட்டும் கள்ளுக்கடை வேலைக்குப் போய்த்தான் எனக்கு இவ்வளவு பக்தி வந்தது என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.